பதிவில் இல்லாத வெள்ளிக்கிழமை

“மகள், வெள்ளிக்கிழம பின்னேரத்த எங்க கொண்டு போய் வெச்சீக்கிற?”

கைருன்னிஸா என்னிடம் இப்படிக் கேட்டபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முப்பது பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சுவரில் இருந்த பெரிய டீவியில் நான் கீறிய படம் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையின் காற்று மூன்று மாதமாக எப்படி இருந்தது என்று காட்டும் படம். அதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரப் பகுதி வெறுமையாக இருந்தது. அதைத்தான் அவர் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். அன்று சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அதற்கு முதலில் கைருன்னிஸா யார் என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். மகள் ஹபீலாவுக்கு நாலு வயதாக இருந்தபோது, கணவர் வேறொரு குடும்பத்தோடு புத்தளம் பக்கம் போய்விட்டார். அதை அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. “போன மனுசன் இடியப்ப உரலையும் கொண்டு போகல்ல, புள்ளையையும் கொண்டு போகல்ல. ரெண்டையும் வெச்சி நான் பொழச்சிட்டேன்” என்பார்.

எங்கள் கட்டடத்தின் முன்பக்கம் கடலைப் பார்த்தது. பின்மதிலோடு ஒட்டி ஒரு துண்டுக் காணி இருந்தது. காலி வீதி என்ற பெரிய ரோட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நிலாம் ஹாஜியாருடைய காணி. அதில் நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, மூன்று பக்கம் திறந்த கொட்டிலில் பதினாலு வருடம் அவர் இடியப்பம் அவித்தார். பக்கத்து ஒற்றை அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். ஒழுங்கையில் எல்லோரும் அவரைத் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டார்கள். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல்.

இருபத்து நாலு வீட்டுக்கும் யாருக்குச் சிவப்பு மா, யாருக்கு வெள்ளை மா, யாருக்கு உறைப்பு ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை எங்களைப் போன்ற சைவ வீடுகளுக்கு மாசிக் கருவாடு போடாத சம்பல் வரும். அதற்கென்று வேறொரு அம்மி வைத்திருந்தார். அம்மா வெள்ளிக்கிழமை வெளிச்சாப்பாட்டைத் தொடவே மாட்டா. கைருன்னிஸாவின் சம்பலை மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிடுவா.

அவரிடம் பிழையும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். சமையல் காஸ் தட்டுப்பாடு வந்த வருடம் அவர் விறகுக்கு மாறினார். பிறகு திரும்பிப் போக முடியவில்லை. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் மிஞ்சும் பலகைத் துண்டுகளைச் சாக்கில் எடுப்பித்து எரித்தார். அவற்றில் சிலதில் பொலிஷ் அடித்திருக்கும். அந்தப் புகை கண்ணை எரிக்கும். யாராவது கேட்டால், “சத்தியமாத் தேங்காச் செரட்ட மட்டும் தான்” என்பார். சொல்லும்போதே சாக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார்.

என் பெயர் யதுஷா. போன வருடத்துக்கு முந்திய வருடம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஒத்துவராது. அந்த ஒக்டோபரில், நாலாம் மாடியில் இருக்கும் இராசரத்தினம் அங்கிள் ஒரு வெள்ளைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்தான் கட்டடக் கமிட்டியின் தலைவர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“மகன் மெல்பேர்னில இருந்து அனுப்பினவன், பிள்ளை” என்றார். “காத்தில எவ்வளவு தூசு புகை எண்டு அளக்குமாம். மார்கழியில பேரனைக் கூட்டிக்கொண்டு வருகினம். அவனுக்கு வீசிங். எந்த நாள் வெளியில விடலாம், எந்த நாள் விடக்கூடாது எண்டு முன்கூட்டியே தெரிய வேணும். நீ கணக்குப் படிச்ச பிள்ளை. செய்வியோ?”

செய்வேன் என்றேன். என்னிடம் ஒருவர் ஒரு வேலையை நம்பித் தந்தது அதுதான் முதல் தடவை.

பெட்டியைக் கடல் பக்கம் மாட்டுவதுதான் முறை. ஆனால் அங்கிளின் முன் பல்கனியில் புது மாபிள் பதித்திருந்தது. துளை போட அவருக்கு மனமில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. எங்கள் பின் பல்கனியில் சலவை மெஷினுக்கென்று பிளக் இருந்தது. அங்கே மாட்டினோம். அதற்கு நேர் கீழே, பத்தடி தள்ளி, கைருன்னிஸாவின் தகரக் கூரை. ஒரு முழு ஒழுங்கையின் காற்றை அளக்க நாங்கள் தேர்ந்தெடுத்த இடம், ஒரேயொரு அடுப்பின் தலைக்கு மேலே இருந்தது. அது எனக்கு அப்போது ஒரு பிழையாகத் தெரியவில்லை. பிளக் இருந்தது, அவ்வளவுதான்.

பெட்டி தரும் எண் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை. நூற்றைம்பதைத் தாண்டினால் சிவப்பு. முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு அது இருநூற்றுப் பத்துக்கு ஏறியது. அங்கிள் உடனே போன் எடுத்தார்.

“என்ன பிள்ளை, பெட்டி பழுதோ?”

“இல்லை அங்கிள். அம்மா சாம்பிராணி போட்டவ.”

அவர் சிரித்தார். “அது புகையில்லை, பிள்ளை. அது வழிபாடு. அதையெல்லாம் கணக்கில எடுத்தா சனம் சிரிக்கும். வெட்டி விடு.”

கமிட்டிச் செயலாளர் மூன்றாம் மாடி மர்லியா டீச்சர். அவரிடமும் கேட்டேன். “எங்கட ஊட்டிலயும் வெள்ளிக்கிழம சாம்பிராணி போடுற தானே” என்றார். “அத வெட்டுறது தான் சரி.” எங்கள் கட்டடத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு வாக்குவாதமும் இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. கட்டடத்தின் ஜெனரேட்டரை ஞாயிறு காலை பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் வெட்டச் சொன்னார்கள். “அது நாங்களே போடுறது தானே” என்றார் அங்கிள். வெட்டினேன். எங்கள் புகை ஒவ்வொன்றாகப் பதிவிலிருந்து போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு புகை மட்டும்.

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் நான் ‘நாளைய காற்று’ என்று போடுவேன். முந்திய நாட்களின் எண், அடுத்த நாள் காற்று அடிக்கும் திசை இரண்டையும் வைத்துக் கணிப்பேன். நவம்பரில் வாடைக்காற்று தொடங்கியது. அது தரைப்பக்கமிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கைருன்னிஸாவின் புகையை நேரே எங்கள் பின்சுவருக்குக் கொண்டு வந்தது. ‘நாளை அதிகாலை நாலு முதல் ஆறு வரை சிவப்பு. ஏழு மணிக்குப் பின் மஞ்சள். நடைக்குப் போகிறவர்கள் ஏழரைக்குப் போகவும்.’ அப்படியே நடக்கும். கடலோர மெரின் டிரைவில் நடக்கிறவர்கள் என் செய்தியைப் பார்த்துத்தான் சப்பாத்துப் போட்டார்கள். லிஃப்டில் என்னைக் கண்டால், “எங்கட வானிலை நிலையம் வருது” என்பார்கள். தொண்ணூற்றிரண்டு நாளில் எண்பத்தெட்டு நாள் நான் சொன்னது சரிவந்தது.

சரிவராமல் என்ன செய்யும்? கைருன்னிஸா ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அடுப்பு மூட்டினார். சரிவராத நாலு நாளும் ஹபீலாவுக்குக் காய்ச்சல் என்று அவர் மூட்டவில்லை. நான் வெள்ளவத்தையின் காற்றைக் கணிக்கவில்லை. ஒரு பெண் வேலைக்கு எழும்பும் நேரத்தைக் கணித்தேன். அதற்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

டிசெம்பர் இருபதாம் திகதி மெல்பேர்ன் பேரன் வந்தான். ஆறு வயது. பெயர் தேனுஜன். மெலிந்த பிள்ளை. வந்தவுடனேயே அம்மாவுக்கு அவனில் ஒரு பாசம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், “பிள்ளையைக் கன சனம் பாத்திட்டுது, நாவூறு பட்டிருக்கும்” என்று அங்கிளின் மனைவி சொல்ல, அம்மா எங்கள் சாம்பிராணித் தட்டைத் தணலோடு நாலாம் மாடிக்குக் கொண்டு போனா. குளிரூட்டி போட்டு, யன்னலெல்லாம் பூட்டிய அறையில் பிள்ளையைச் சுற்றிக் காட்டினா. அரை மணித்தியாலத்தில் அவனுக்கு இழுப்புத் தொடங்கியது. உதடு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு நாளில் சுகமாகி வந்தான். அதற்குள் குழுவில் தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. ‘யதுஷா மூன்று மாதமாகச் சொல்லுறா. பின்னாலை இருக்கிற அடுப்புத்தான்.’

ஜனவரி மாதம் முதல் ஞாயிறு, கட்டடத்தாரின் கூட்டம். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பின்னேரச் சாப்பாடு வேண்டும் என்று மர்லியா டீச்சர் கைருன்னிஸாவிடமே இடியப்பம் சொல்லியிருந்தார். அவர் நல்ல முந்தானை போட்டு, பெரிய சட்டி சொதியும் சம்பலுமாக வந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர் வெறும் சட்டிகளை அடுக்கிக்கொண்டு புறப்படும்போது அங்கிள் சொன்னார்:

“கைருன்னிஸா, கொஞ்சம் நில்லும். உம்மைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.”

பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் படத்தைப் போட்டேன்.

அவர் அந்தச் சிவப்புக் கோடுகளைக் கனநேரம் பார்த்தார். “இது என்ன ஐயா, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு எடுக்கிற படமா?”

சிலர் சிரித்தார்கள். “உம்மட அடுப்பின்ர படம்” என்றார் அங்கிள். “என்ர பேரன் சாகக் கிடந்தவன்.”

“அந்தப் புள்ளைக்கி நானும் துஆ கேட்டேன், ஐயா. ஆனா ஒங்கட வயிறும் மூக்கும் ஒரு ஆளுக்குத் தானே சொந்தம்? வயிறு வா எண்டு சொல்லுது, மூக்கு போ எண்டு சொல்லுது. நான் எதுக்குக் காது குடுக்கிற?”

இதற்கும் சிரிப்பு வந்தது. அங்கிள் சிரிக்கவில்லை. “பகிடி விடாதேயும். காஸுக்கு மாறும்.”

“மாற ஏலுமெண்டா மாறியீப்பேன்.” அவர் சட்டியைக் கீழே வைத்தார். “ஒண்டு மட்டும் கேக்கிறேன். ஒரு தகரக் குழாய் வாங்கி வெச்சீக்கிறேன். முப்பதடி. ஒங்கட பின்சுவரோட நாலு கிளிப் அடிச்சி ஏத்த விட்டா, புகை மொட்டமாடிக்கும் மேல போயிரும். அடிக்கிற கூலியும் நானே பாத்துக்கிறேன்.”

அது சரியான யோசனை என்று கணக்குப் படித்த எனக்குத் தெரியும். சுவரில் நாலு ஆணி. அவ்வளவுதான் அவர் கேட்டது.

“பெயின்ட் அடிச்சு ஆறு மாதம் ஆகேல்லை” என்றார் அங்கிள்.

“பின்சுவர் தானே, ஐயா. ஆர் பாக்கிற?”

“கட்டடத்தின்ர மதிப்பு ஒண்டு இருக்குதெல்லோ” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். இடியப்பம் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டவர்.

கைருன்னிஸா மறுபடி படத்தைப் பார்த்தார். “பேரப்புள்ளைக்கி ஏலாம போனது என்டக்கி?”

“வெள்ளிக்கிழமை பின்னேரம்.”

“வெள்ளிக்கிழம பின்னேரம் நான் அடுப்பே மூட்டுறல்லயே.” அவர் குரல் உயரவில்லை. “பதினாலு வருசமா மூட்டினதில்ல. ஒங்க எல்லாருக்கும் தெரீம்.”

அங்கிள் என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, வெள்ளிக்கிழமையைக் காட்டு.”

அங்கே வெறுமை. அப்போதுதான் கைருன்னிஸா அந்தக் கேள்வியைக் கேட்டார். அங்கிளுக்குப் பதில் தெரியும். மர்லியா டீச்சருக்கும் தெரியும். அவர் தன் மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரில் அம்மா இருந்தா. வெட்டாத பதிவு என் போனிலேயே இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் டீவியில் வந்திருக்கும். வந்திருந்தால் அடுத்த கேள்வி, அந்தப் புகையைப் பிள்ளையின் அறைக்கு யார் கொண்டு போனது என்பதுதான்.

“அந்த நேரம் பதிவில்லை” என்றேன்.

“பெட்டி வெள்ளிக்கிழம பள்ளிவாசலுக்குப் போயீக்கும்” என்றார் கைருன்னிஸா. இந்த முறை எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, கை உயர்த்தி, குழாய்க்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “நான் சொல்லியிருக்க வேணும்” என்றேன்.

“என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் வாடகைக்கு இருக்கிறனாங்கள். இது அங்கிளின்ர தங்கச்சியின்ர வீடு” என்றா அம்மா. பிறகு, “அவவுக்கு எங்கை போனாலும் பிழைக்கத் தெரியும்” என்றா. இரக்கம் வேலைக்காகாதபோது மனிதர்கள் இப்படித்தான் சொல்வார்கள் போல.

கமிட்டி நிலாம் ஹாஜியாருக்குக் கடிதம் எழுதியது. என் தொண்ணூற்றிரண்டு நாள் கணிப்பையும் அச்சடித்து இணைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்: செல்வி யதுஷா’ என்று இருந்தது. ஹாஜியார் கெட்ட மனிதரல்ல. ஆனால் அந்தத் துண்டுக் காணிக்குக் கூடிய வாடகை தந்து, கமிட்டி அங்கே புதுப் பெரிய ஜெனரேட்டரை வைக்கத் தயாராக இருந்தது. மாத முடிவில் இடத்தை விடும்படி கைருன்னிஸாவிடம் சொன்னார்.

கடைசி நாள் காலையிலும் பார்சல் வாங்க வரிசை நின்றது. மர்லியா டீச்சர் தன் பொதியை வாங்கிக்கொண்டு, “போக முந்தி அந்தச் சம்பலுக்கு என்ன போடுறெண்டு சொல்லிட்டுப் போங்க தாத்தா” என்றார்.

“புகை, டீச்சர்” என்றார் கைருன்னிஸா. “அது தான் ருசி. இனி ஒங்களுக்குக் கெடைக்காது.”

சின்ன லொறியில் உரல்களும் தட்டுகளும் ஏறின. முப்பதடிக் குழாயை ஏற்ற இடமில்லை. மதிலோடு சாத்திவிட்டுப் போனார்கள். ஒரு கிழமைக்குள் பழைய இரும்புக்காரன் அதை எடுத்துக்கொண்டு போனான்.

பெப்ரவரியில் என் கணிப்பு பச்சை. முதல் பச்சை நாளில் குழுவில் நாற்பத்தொரு கைதட்டல் வந்தது. அங்கிள், ‘ஒற்றுமையாக நின்றதற்குக் கிடைத்த வெற்றி’ என்று எழுதினார். கைருன்னிஸாவின் கொட்டில் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் வந்தது. அதை ஓட்டும் நேரத்தை வெட்டும் வேலை எனக்குக் கூடியது. கடைகளில் மெஷின் இடியப்பம் வாங்கத் தொடங்கினார்கள். றப்பர் மாதிரி இருக்கிறது என்று அதே குழுவில் கவலைப்பட்டார்கள். ‘தாத்தா இப்ப எங்க? டெலிவரி செய்வாவோ?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

வைகாசியில் நான் அவரைத் தேடிப் போனேன். இரத்மலானையில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், பழைய ஸ்டோர் அறை ஒன்றில் இருந்தார். நாலு பக்கமும் சுவர். ஒரு கதவு, கூரைக்குக் கீழே கையளவு துவாரம். அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே பாய். ஃபெக்டரி கன்டீன் ஒன்றுக்கு அவித்துக் கொடுத்தார். சுவரின் மேல்பாதி கறுத்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் அவர் வளர்த்த புகையைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. இங்கே அது போகாமல் அவரோடு குடியிருந்தது.

“ஆ, வானிலை வந்தீக்கி” என்றார். “இங்கயும் பெட்டி மாட்டப் போறீங்களா?”

சிரித்தார், அது இருமலாகியது. இருமல் நிற்கும்வரை அவர் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்டுகிறாராம். சுவாசப் பை பழையபடி சுருங்குவதில்லை என்று டாக்டர் சொன்னாராம். “செரட்டைக்கும் பலகைக்கும் நான் சொன்ன பொய்யெல்லாம் உள்ளுக்குத் தான் போயீக்கி” என்றார்.

நான் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். சாம்பிராணி, வெட்டியது, அம்மா தட்டைக் கொண்டு போனது எல்லாம். அவர் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“அன்டக்கே தெரீம், மகள். வெள்ளிக்கிழம ஒங்கட ஊட்டுச் சாம்பிராணி என்ட கொட்டிலுக்கும் வாற தானே. நல்ல வாசம்.”

“தெரிஞ்சு ஏன் என்னைக் கேட்டனீங்கள்?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு நெனச்சேன்.” உரலில் மாவைப் போட்டு, தோளை ஊன்றி அமத்தினார். “நான் சொல்லியீந்தா ஒங்கட உம்மாட பேர் வந்தீக்கும். அவ எனக்கு ஒரு நாளும் கெட்டது செய்யல்ல.”

நான் புறப்படும்போது வாசல் வரை வந்தார். “மகள், இப்ப சொல்ல ஏலுமா? வெள்ளிக்கிழமட கதைய. ஹாஜியாருக்குச் சொன்னாலும் காணும். ஒரு மூலை தந்தா வந்துருவேன். மூணு பக்கம் தொறந்த எடம் ஒண்டு கெடைச்சா இந்த நெஞ்சு இன்னங் கொஞ்சம் ஓடும்.”

“பாக்கிறன், தாத்தா” என்றேன்.

நான் பார்க்கவில்லை. ஆனியில் பெறுபேறு வந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒரு மாதம் போனது. ஆடியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதா. ஆவணியில் ஹாஜியாரின் கடை வாசல் வரை போய், கூட்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்தேன். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு ‘நாளைய காற்று: பச்சை’ என்று மட்டும் தவறாமல் போட்டேன். அந்த மாதங்களில் கடல் பக்கமிருந்து காற்று அடிக்கும். அடுப்பு இருந்திருந்தாலும் புகை எங்கள் பக்கம் வந்திராது. கணக்குப் படித்த எனக்கு அதுவும் தெரியும். அதையும் சொல்லவில்லை.

நவம்பர் ஒன்பதாம் திகதி ஹபீலா போன் எடுத்தாள். “உம்மா மவுத், யது. களுபோவிலயில. விடிய அஞ்சு மணிக்கி.” வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். சாவுக்குப் புகைதான் காரணம் என்று டாக்டர் எழுதித் தரவில்லை. அவருடைய நெஞ்சு எங்கள் கூட்டத்துக்கு முன்பே பழுது. நாங்கள் செய்தது, அந்த நெஞ்சை ஒரு பூட்டிய அறைக்குள் போட்டது.

டிசெம்பர் முதல் கிழமை, வடக்கேயிருந்து புகைமூட்டம் கொழும்பு முழுவதையும் மூடியது. மெரின் டிரைவிலிருந்து கடல் தெரியவில்லை. பெட்டி நாள் முழுக்கச் சிவப்பு. நான் ‘நாளையும் சிவப்பு’ என்று போட்டேன். முதல் பதில் இராசரத்தினம் அங்கிளுடையது.

‘அவ திரும்பி வந்திட்டாவோ? பின்பக்கம் போய்ப் பாரும் பிள்ளை.’

நான் எழுதினேன்: ‘வரவில்லை அங்கிள். போன மாதம் ஒன்பதாம் திகதி களுபோவில ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டா.’

கும்பிடும் கைகள் வந்தன. இன்னாலில்லாஹி வந்தது. ‘ஆழ்ந்த அனுதாபங்கள். நல்ல மனுசி’ என்று வந்தது. மர்லியா டீச்சர் அழும் முகம் ஒன்று போட்டார். நான் எண்ணினேன்: பதினேழு செய்தி. பதினெட்டாவது, கட்டடத்தின் மதிப்பைப் பற்றிக் கதைத்தவர் போட்டது.

‘அப்ப இந்தப் புகை எங்கயிருந்து வருது?’

அப்போதுதான் நான் வெட்டாத பதிவைக் குழுவில் போட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு ஞாயிறும், பேரனுக்கு இழுப்பு வந்த பின்னேரமும். கீழே, சாம்பிராணித் தட்டை மேலே கொண்டு போனது என் அம்மா, பதிவை வெட்டியது நான் என்று எழுதினேன். நாலு நிமிடத்தில் ‘நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்’ என்று வந்தது. அடுத்த நாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அது கடல் பக்கம், மாபிளில் துளை போட்டு மாட்டியிருக்கிறதாம். நல்ல பச்சை காட்டுகிறதாம். வீட்டை விடும்படி எங்களுக்குச் சித்திரை வரை தவணை தந்திருக்கிறார்கள். அம்மா என்னோடு கதைப்பதில்லை. பாமன்கடையில் வீடு பார்க்கிறோம்.

அந்தப் பதிவை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன். வாசித்தவர்கள் தயவுசெய்து இதை இன்னொருவருக்கு அனுப்புங்கள். உங்கள் ஒழுங்கைக் குழுவில் போடுங்கள், கட்டடக் கமிட்டியில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்குக் கொடுங்கள், வெள்ளவத்தையில் யாரையும் தெரிந்தால் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். நீளமாக இருக்கிறது என்று சுருக்க வேண்டாம். முக்கியமாக, என் பெயர் வரும் இடங்களை வெட்டாமல் அனுப்புங்கள்.